பிறந்த மண்ணா, வந்த மண்ணா? சிங்கப்பூரில் மண்ணைப் படிக்கத் தொடங்குவோருக்கு

புவியியல் படிக்கும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் சிலர் சனிக்கிழமை மாலைகளில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வருவார்கள். மண் வகைகளைக் கேட்டால் வண்டல், கரிசல், செம்மண், சரளை, பாலை என்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். தமிழ்நாட்டில் சில ஆண்டுகள் படித்துவிட்டு வந்த பிள்ளைகள், எந்த மாவட்டத்தில் எந்த மண் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். "சரி, நீ இப்போது நிற்கிற இடத்தில் என்ன மண்?" என்பேன். எல்லாரும் காலடியைப் பார்ப்பார்கள். காலடியில் சிமெண்ட் தரை.

இந்தக் கட்டுரை அவர்களுக்காக எழுதியது. மண் பாடத்தை முதன்முறையாகத் தொடும் எவருக்கும் உதவும். ஒரு தண்ணீர்ப் பாட்டில், ஒரு அடிக்கோல், கொஞ்சம் பொறுமை, ஒரு நல்ல மழை நாள் ஆகியவை இருந்தால் போதும்.

முதலில் ஒரே ஒரு கேள்வி

வகைகளின் பட்டியலைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். எந்த மண்ணைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இது இங்கேயே பிறந்த மண்ணா, வந்த மண்ணா என்பதுதான். வந்ததென்றால் ஆறு கொண்டுவந்ததா, கடல் கொண்டுவந்ததா, லாரி கொண்டுவந்ததா? சிங்கப்பூரில் இந்தக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு இன்று 730க்கும் மேல். 1966இல் தொடங்கிய ஈஸ்ட் கோஸ்ட் நிலமீட்புக்காக பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கன்வேயர் பட்டையில் ஏற்றிக் கடலுக்கு அனுப்பினார்கள். இன்று அங்கே சைக்கிள் ஓட்டுபவர்களின் சக்கரத்துக்கு அடியில் இருப்பதில் ஒரு பங்கு, முன்பு குன்றாக நின்ற மண். அங்கே தோண்டி எடுத்து "கடற்கரை மண்" என்று பெயர் எழுதினால் ஆசிரியர் சும்மா இருந்தாலும் நான் சும்மா இருக்க மாட்டேன்.

நிற்கும் இடத்தை வரைபடத்தில் கண்டுபிடியுங்கள்

நுணுக்கமாகப் பார்த்தால் பிரிவுகள் பல உண்டு. தொடங்குகிறவருக்கு நான்கு போதும்.

தீவின் நடுவிலும் வடக்கிலும், புலாவ் உபினிலும் கருங்கல் பாறை. புக்கிட் தீமா கிரானைட் என்று அதற்குப் பெயர்; 20 கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதுள்ளது. 164 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமா குன்று நிற்பது அதன்மேல்தான். மேற்கிலும் தெற்குக் குன்றுகளிலும் செந்தோசாவிலும் ஜூரோங் படிவுப் பாறைகள்: மணற்கல், சேற்றுக்கல், களிப்பாறை. கிழக்கில் பிடோக், தெம்பனிஸ், சாங்கிப் பகுதிகளில் பழைய வண்டல். பண்டைய ஆறுகள் ஜொகூர்ப் பக்கத்திலிருந்து இழுத்து வந்து கொட்டிய மணலும் சரளையும் களியும், பாதி பாறையாக இறுகிக் கிடக்கின்றன. இன்றைய பிடோக் நீர்த்தேக்கம் ஒரு காலத்தில் மணல் குவாரியாக இருந்தது. குவாரி ஏன் அங்கே அமைந்தது என்பதற்கு இந்த வண்டல்தான் விடை.

நான்காவது காலாங் படிவு. ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் கடலோரத் தாழ்நிலங்களிலும் இருப்பது இதுதான். இதன் முக்கியப் பங்கு கடற்களி: சாம்பல் நிறம், நீர் நிறைந்த, பற்பசை போன்ற மென்மை. இதில் மேல் களி, கீழ் களி என்று இரண்டு அடுக்கு உண்டு. இரண்டுக்கும் இடையே பல இடங்களில் செம்மை கலந்த கெட்டியான ஒரு படலம் வரும். கடல் மட்டம் இறங்கியிருந்த காலத்தில் கீழ் களியின் மேற்பரப்பு வெயிலில் காய்ந்து இறுகியதன் தடம் அது. பிறகு கடல் திரும்பி வந்து மேலே புதிதாகக் களியைப் படியவிட்டது. நிலத்தைத் துளையிட்டுக் குழாயில் எடுத்த ஒரே மண் துண்டில் கடலின் போக்குவரத்து முழுவதும் பதிந்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்புதான். 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலை அருகே எம்ஆர்டி ரயில் பாதைக்காகத் தோண்டிய பள்ளம் இடிந்து நான்கு பேர் உயிரிழந்ததும் இந்தக் களி ஆழமாகக் கிடக்கும் இடத்தில்தான். விசாரணை சுட்டிக்காட்டியவை மனிதத் தவறுகளை. ஆனால் இவ்வளவு மென்மையான மண்ணில் தவறுக்கு இடம் மிகக் குறைவு.

மண்ணை எங்கிருந்து எடுப்பது

பூங்காவிலோ இயற்கை வனப்பகுதியிலோ தோண்டாதீர்கள். அங்கிருந்து எதையும் எடுப்பது சட்டப்படி குற்றம். 2005இல் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தின்கீழ் உங்கள் வட்டாரத்திலும் ஒரு தோட்டம் இருக்கக்கூடும். அதைப் பார்த்துக்கொள்ளும் மூத்தவர்களிடம் கேளுங்கள். "ஆன்ட்டி, பள்ளிக்கூட வேலைக்கு ஒரு கைப்பிடி மண்" என்று கேட்டு இல்லை என்று சொல்லக் கேட்டதில்லை; கூடவே இரண்டு கொத்துக் கறிவேப்பிலையும் கிடைக்கும். தரைவீட்டில் உறவினர் இருந்தால் இன்னும் நல்லது. மேலே இருக்கும் புல்லையும் சருகையும் விலக்கிவிட்டு, ஒரு சாண் ஆழத்தில் இரண்டு கைப்பிடி எடுங்கள். எடுத்த இடம், நாள், ஆழம் மூன்றையும் பையின் மேல் எழுதுங்கள். எழுதாத பை குப்பைக்குத்தான் போகும்.

ஓர் எச்சரிக்கை. நாற்றுப்பண்ணையில் பையில் விற்கும் கருப்பு மண்ணைச் சோதனைக்குக் கொண்டுவராதீர்கள். நான் முதல் ஆண்டு அப்படித்தான் செய்தேன். தண்ணீரில் போட்டுக் குலுக்கினால் பாதி மேலே மிதந்தது: தேங்காய் நார்த்துகள், மக்கிய இலை. அடியில் போனது சுட்ட மண். செடிக்கு நல்ல கலவைதான். ஆனால் அதற்குப் பிறந்த ஊர் கிடையாது. அதை வைத்து எந்தப் பாறையைப் பற்றியும் பேச முடியாது.

கைக்குத் தெரியும்

ஒரு எலுமிச்சம்பழ அளவு மண்ணை எடுத்துக் கல், வேர் நீக்கித் துளித்துளியாகத் தண்ணீர் விட்டுப் பிசையுங்கள். பூரி மாவுப் பதம் வர வேண்டும். ஒட்டினால் நீர் அதிகம், உதிர்ந்தால் குறைவு. பிறகு கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து நாடாவைப் போல மேலே தள்ளுங்கள். நாடாவே வரவில்லையா, மணல். 2.5 சென்டிமீட்டருக்குள் ஒடிந்தால், மணலும் வண்டலும் களியும் கலந்த மண். (இங்கே வண்டல் என்பது ஆற்றுப் படிவு அல்ல, மணலைவிடச் சிறிய, களியைவிடப் பெரிய துகள்.) நம் உழவர்கள் அதை இருவாட்டி என்பார்கள். 2.5இலிருந்து 5 வரை போனால் களி கூடிய இருவாட்டி. 5ஐத் தாண்டித் தொங்கினால் களிமண்.

இந்த ஊர்ச் செம்மண்ணில் ஒரு சூது உண்டு. இரும்பு ஆக்சைடு களித்துகள்களைப் பசைபோல ஒட்டிச் சிறு உருண்டைகளாக்கி வைத்திருக்கும். முதல் அரை நிமிடம் மணல்போல நெருடும். விடாமல் பிசைந்தால் உருண்டைகள் உடைந்து வழவழப்பு வரும். அவசரப்படுகிறவர் "மணல்" என்று எழுதிவிடுவார். குறைந்தது இரண்டு நிமிடம் பிசையுங்கள்.

நிறத்தையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். சிவப்பும் மஞ்சளும் காற்றுப் பட்ட இரும்பின் நிறங்கள். சாம்பல் என்றால் நீர் தேங்கி, காற்றில்லாமல் கிடந்த மண். சிவப்பில் சாம்பல் திட்டுகள் இருந்தால் நிலத்தடி நீர் ஏறி இறங்கும் இடம்.

பாட்டில் சோதனை

நேரான பக்கங்கள் கொண்ட தெளிவான பாட்டில் வேண்டும். மூன்றில் ஒரு பங்கு பொடித்த மண், மேலே தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம். அந்தத் திரவம் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிக்கும். மூடியை இறுக்கி ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிந்தது மணல். பாட்டில்மேல் பேனாவால் கோடு போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் ஒரு கோடு. இடைப்பட்டது வண்டல் துகள். களி படிய இரண்டு நாளாவது ஆகும். 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறிய துகளுக்கு மூழ்க மனம் வர வேண்டுமே!

புக்கிட் தீமா பக்கம் நண்பர் ஒருவரின் தரைவீட்டுத் தோட்டத்து மண் எனக்குக் காட்டிய கணக்கு இது: மொத்தப் படிவு 6 சென்டிமீட்டர்; மணல் 3, வண்டல் 1, களி 2. அதாவது நூற்றுக்கு 50, 17, 33. மூன்று பக்கங்களிலும் விழுக்காடு குறித்த முக்கோண வரைபடம் பாடநூல்களில் இருக்கும். அதில் வைத்தால் மணற்களி இருவாட்டி என்று வரும். எண்ணைவிட முக்கியமானது ஏன் என்பது. மணல் அங்கே எப்படி வந்தது? பக்கத்தில் கடலுமில்லை, ஆறுமில்லை. கருங்கல்லில் குவார்ட்ஸ், பெல்ஸ்பார், மைக்கா என்ற கனிமங்கள் உண்டு. வெப்பமும் ஈரமும் சேர்ந்து பெல்ஸ்பாரைக் கரைத்துக் கயோலின் களியாக்கிவிடும். குவார்ட்ஸை அதனால் அசைக்க முடியாது. அது பருமணலாக அப்படியே நின்றுவிடும். ஆகவே மணலும் களியும் ஒரே பாறையின் பிள்ளைகள். இது பிறந்த மண் என்பதற்கு அது நல்ல அறிகுறி.

அமிலத்தன்மையும் பார்க்கலாம். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர், பிறகு நிறம் மாறும் தாள். குழாய் நீர் வேண்டாம். அது சற்றுக் காரமானது, கணக்கைக் கெடுக்கும். இங்குள்ள பழைய காட்டு மண்ணின் பிஹெச் பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையில் இருக்கும். ஏன் என்பதற்கான விடை அடுத்த பகுதியில்.

மண் எப்படிப் பிறக்கிறது

தாய்ப்பாறை, தட்பவெப்பம், உயிரினம், நிலத்தின் மேடுபள்ளம், காலம் என்று ஐந்து காரணிகள். 1941இல் மண்ணியல் அறிஞர் ஹான்ஸ் ஜென்னி இவற்றை ஒரு சமன்பாடாகவே எழுதினார். அதற்கு முன்பே 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் டோகுச்சாயெவ் மண்ணைத் தனி இயற்கைப் பொருளாகப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். தேர்வில் ஐந்தையும் எழுதுங்கள். ஆனால் சிங்கப்பூரைப் பொறுத்தவரை கதைத்தலைவன் தட்பவெப்பம்தான்.

ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. குளிர்காலம் என்பதே இல்லை. பாறை ஆண்டு முழுவதும் வெந்நீர்க் குளியலில் கிடப்பதைப்போல. கருங்கல் சிதைந்து உருவான மண் சில இடங்களில் 30 மீட்டருக்கும் ஆழமாக இருக்கிறது. அதன் நடுவே சிதையாத கல் உருண்டைகள் புதைந்திருக்கும். வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரிந்து உருண்டையானவை. அதே மழை கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் போன்ற உப்புகளைக் கழுவிக் கீழே கொண்டு போய்விடுகிறது. எஞ்சுவது இரும்பும் அலுமினியமும் கயோலினும். அதனால்தான் சிவப்பு, அதனால்தான் அமிலம்.

இங்கே கரிசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தக்காணத்தின் எரிமலைப் பாறையிலிருந்து வந்த கரிசலில் இருப்பது நீர் குடித்து ஊதி, காய்ந்தால் சுருங்கும் களி. கோடையில் கால் நுழையும் வெடிப்பு விடும். கயோலின் அப்படி ஊதாது. அதனால் நம் செம்மண் அவ்வாறு வெடிப்பதில்லை. "இரண்டும் களிமண்தானே" என்று கேட்கும் பிள்ளைக்கு இதுவே பதில்.

அடுக்குகளைப் பற்றிச் சுருக்கமாக: மேலே சருகு, அதன் கீழ் மட்கு கலந்த மேல்மண், அதன் கீழ் களி சேர்ந்த அடிமண், பிறகு சிதைந்த பாறை, கடைசியில் பாறை. மழைக்காட்டில் நம்மை ஏமாற்றுவது மேல்மண்தான். இவ்வளவு பெரிய மரங்கள் நிற்கும் இடத்தில் கருப்பு மண் ஆழமாக இருக்கும் என்று நினைப்போம். இருக்காது. விழுந்த இலை மளமளவென்று மக்கி, சத்து உடனே வேருக்குத் திரும்பிவிடுகிறது. காட்டின் சொத்து மரத்தில் இருக்கிறது, மண்ணில் இல்லை.

இதை அறியாமல் விலை கொடுத்தது 19ஆம் நூற்றாண்டு. வெற்றிலையோடு மெல்லவும் தோல் பதனிடவும் பயன்பட்ட காம்பியர் பயிருக்காகக் காடு வெட்டப்பட்டது. இலையைக் கொதிக்க வைக்க விறகு தேவை என்பதால் தோட்டத்தைச் சுற்றியிருந்த காடும் போயிற்று. வேகவைத்த தழைச் சக்கையை மிளகுக் கொடிகளுக்கு எருவாகப் போட்டார்கள். நல்ல யோசனைதான், ஆனால் போதவில்லை. பதினைந்து இருபது ஆண்டுகளில் மண் ஓய்ந்துவிடும். தோட்டக்காரர்கள் அடுத்த காட்டுக்கும், பிறகு ஜொகூருக்கும் நகர்ந்தார்கள். பின்னால் வந்தது லாலாங் புல்.

மழை பெய்யும்போது வெளியே போங்கள்

மண்ணரிப்பை வீட்டுக்குள் இருந்து படிக்க முடியாது. இடி மின்னல் நின்று, தூறல் மிச்சமிருக்கும் நேரத்தில் குடையோடு இறங்குங்கள். மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, புல் இல்லாத மண்ணை ஒட்டிய வெள்ளைச் சுவர். கணுக்காலிலிருந்து முழங்கால் உயரம் வரை செம்புள்ளிகள் தெறித்திருக்கும். பெரிய மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் வந்து மோதுவதால் மண்துகள் எகிறிப் போய் ஒட்டியது. தெறிப்பு அரிப்பு என்று பாடநூல் சொல்வது அதைத்தான்.

இரண்டு, நிழல் அதிகமானதால் புல் செத்துப்போன மரத்தடி. குனிந்து உட்கார்ந்து பாருங்கள். சின்னச் சின்னக் கூழாங்கற்கள், சில நேரம் ஒரு பாட்டில் மூடி, மண்ணாலான குட்டித் தூண்களின்மேல் நிற்கும். கல் குடையாக நின்று தன் அடி மண்ணைக் காத்தது, சுற்றியிருந்தது போய்விட்டது. தூணின் உயரத்தை அடிக்கோலால் அளந்தால், குறைந்தது அவ்வளவு மண் அங்கிருந்து போயிருக்கிறது என்று பொருள். மேல்மண் இப்படி மெல்லிய படலமாகக் கழுவிப்போகும் படல அரிப்பு கண்ணுக்குத் தெரியாது என்று எழுதியிருப்பார்கள். தெரியும், குனியத் தெரிந்தவருக்கு. அதே இடத்தில் விரல் அகலக் கோடுகள் ஓடினால் அது சிற்றோடை அரிப்பு. அவை சேர்ந்து ஆள் இறங்கும் பள்ளமானால் நீர்ப்பள்ள அரிப்பு. அதை நகருக்குள் பார்ப்பது அரிது.

மூன்று, சாக்கடைக் கால்வாய். தண்ணீர் தெளிவாக ஓடினால் சுற்றுவட்டாரம் நலம். உணவங்காடித் தேநீர் நிறத்தில் ஓடினால் மேலே எங்கோ மண் திறந்து கிடக்கிறது. கட்டுமானத் தளத்திலிருந்து வெளியேறும் நீரில் மிதக்கும் துகள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதி.

வகுப்பில் செய்து காட்ட விரும்பினால் மூன்று பெரிய பாட்டில்களைப் படுக்க வைத்து மேல்பக்கத்தை வெட்டுங்கள். ஒன்றில் வெறும் மண், ஒன்றில் மண்மேல் சருகு, ஒன்றில் இரண்டு வாரம் முன்பே முளைக்க விட்ட கேழ்வரகு. மூன்றையும் ஒரே சாய்வில் வைத்து ஒரே அளவு நீரைப் பூவாளியால் ஊற்றி, வாயில் வழிவதைக் கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். சருகு மட்டுமே எவ்வளவு காக்கிறது என்று பார்த்தால், அடிக்கடி சருகைக் கூட்டித் தள்ளுகிற நம் சுத்தப் பழக்கத்தின்மேல் எனக்குள்ள கோபம் உங்களுக்கும் புரியும்.

பாதுகாப்பை நேரில் பார்க்கும் இடங்கள்

படிக்கட்டு வயல், சம உயர வரப்பு, காற்றுத் தடுப்பு மரவரிசை ஆகியவற்றைப் பாடநூலில் படித்துக்கொள்ளுங்கள். இங்கே பார்க்கக் கிடைப்பவை வேறு.

பீஷான் அங் மோ கியோ பூங்காவுக்கு ஒரு காலை ஒதுக்குங்கள். காலாங் ஆறு அங்கே 2.7 கிலோமீட்டர் நேரான கான்கிரீட் வாய்க்காலாக இருந்தது. அதை உடைத்து, வளைந்து நெளியும் ஆறாக மாற்றி 2012இல் திறந்தார்கள். கரையில் கான்கிரீட் இல்லாமல் மண்ணை எப்படிப் பிடித்து வைப்பது? குச்சிக் கட்டுகளைக் கரையோடு புதைத்து வேர்விடச் செய்வது, துணிபோன்ற விரிப்பில் மண்ணைச் சுற்றி அடுக்குவது, நீர் மோதும் வளைவில் கல் பாவுவது என்று பல முறைகளை முதலில் பூங்காவுக்குள்ளேயே ஒரு சிற்றோடையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆற்றில் இறங்கினார்கள். வளைவின் வெளிப்பக்கத்தில் கல்லும் உள்பக்கத்தில் புல்லும் இருப்பதைக் கவனியுங்கள். வெளிப்பக்கம் ஆறு தின்னும். உள்பக்கம் ஆறு கக்கும்.

புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி சரிவுகளையும் பாதைகளையும் செப்பனிட 2014 செப்டம்பரில் மூடப்பட்டது; முழுமையாகத் திறந்தது 2016 அக்டோபரில்தான். மிதிபட்டு இறுகிய மண்ணில் நீர் இறங்காது, பாதையே ஓடையாகிவிடும், வேர்கள் வெளியே தெரியும். உயர்த்திக் கட்டிய மரப்பாதை எதற்கு என்று இப்போது விளங்கும். அதைவிட்டு இறங்கிப் படம் எடுக்காதீர்கள்.

உங்கள் வட்டாரத்துக் கட்டுமானத் தளத்தின் வேலியையும் வெளியிலிருந்து பாருங்கள். வேலியின் அடியில் வண்டலைத் தடுக்கும் துணி, திறந்த சரிவின்மேல் போர்வை, வாயிலில் லாரிச் சக்கரம் கழுவும் இடம். ஒவ்வொன்றையும் படம் வரைந்து, அது தெறிப்பைத் தடுக்கிறதா, ஓட்டத்தைத் தடுக்கிறதா, போன மண்ணைப் பிடிக்கிறதா என்று பக்கத்தில் எழுதுங்கள். முதல் இரண்டும் பாதுகாப்பு, மூன்றாவது பின்வேலை. இந்த வேறுபாட்டை எழுதுகிற மாணவர் குறைவு.

சோதனை முடிந்த பிறகு

பாட்டிலில் களி மூன்றாம் நாளும் கலங்கலாகவே நின்றால் கவலைப்படாதீர்கள். கோடு போட்டு, "முழுதாகப் படியவில்லை" என்று குறித்துவிடுங்கள். பிறகு சேற்றைப் பூந்தொட்டியில் கவிழ்த்துவிடுங்கள். குளியலறைத் துளையில் ஊற்ற வேண்டாம். மணல் வளைகுழாயில் இறங்கி உட்கார, களி அதன்மேல் பூசிக்கொள்ளும். ஆறு பாட்டில்களை அப்படி ஊற்றிவிட்டு நான் குழாய்க்காரருக்காகக் காத்திருந்த மாலை இன்னும் நினைவிருக்கிறது. குழாயை அவர் கழற்றியபோது உள்ளே மணல் அடியிலும் களி மேலேயும், பாட்டிலில் பார்த்த அதே வரிசையில் இருந்தன.